வருமுன் உரைத்த செய்தி

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் பத்திரிகையில் நான்கு வரி வருகிறது. ஆலையில் வாயு கசிந்து ஒரு தொழிலாளி மாண்டால் எட்டு வரி வருகிறது. நூற்றுக்கணக்கில் பிணம் விழுந்தால்தான் முதல் பக்கம்! இந்த வழக்கம் முறைதானா? எட்டு வரிச் செய்தியை விடாமல் தொடர்ந்து சென்ற ஒரு பத்திரிகையாளரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை இருந்தது. 1981 டிசம்பரில் அங்கே பாஸ்ஜீன் என்ற விஷ வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். அவர், உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானியின் நண்பர். கேஸ்வானி அனுதாபம் தெரிவித்ததோடு நின்றுவிடவில்லை. மாதக்கணக்கில் தொழிலாளர்களைக் கண்டு பேசினார். ஆலையின் தஸ்தாவேஜுகளைத் தேடிப் படித்தார். பாஸ்ஜீன், முதல் உலக யுத்தத்தில் போர்வீரர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். ஆலையை அடுத்தோ ஏழை மக்களின் குடிசைகள்!

1982 செப்டம்பர் 17-ஆம் தேதி, தமது 'ரபட்' என்ற சிறு வாரப் பத்திரிகையில், இந்நகரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். அக்டோபர் 1-ஆம் தேதி, போபால் எரிமலையின் வாயில் அமர்ந்திருக்கிறது என்று எழுதினார். அதற்கு அடுத்த வாரமும் எழுதினார். ஆலை ஒன்றும் சிறு கல் அல்ல, வேறிடத்துக்கு நகர்த்திவிட. ஆபத்து எதுவும் இல்லை என்று சட்டசபையில் தொழிலாளர் நல அமைச்சர் பதில் சொன்னார். 1984 ஜூனில் டில்லி 'ஜன்சத்தா' நாளேட்டில் கேஸ்வானி மீண்டும் எழுதினார். யாரும் அசையவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, மெதில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. குளிரூட்டும் சாதனம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. சுமார் 40 டன் வாயு, உறங்கிக் கொண்டிருந்த ஊரின்மீது பரவியது. நஷ்டஈட்டுக்காக அரசாங்கம் ஒப்புக்கொண்ட மரணங்களே 5,295. கேஸ்வானிக்கு 1985-இல் பத்திரிகைத் துறை விருது கிடைத்தது. விருதினால் மாண்டவர் மீள்வரோ?

அவர் சொன்னது ஜோசியம் அன்று. பீதியைக் கிளப்புவோர் ஊகத்தை எழுதுவார்கள். எச்சரிப்பவர் எந்த வாயு, எந்தக் குழாய், எந்தக் குறைபாடு என்று எழுதுவார். கேஸ்வானி எழுதியது இரண்டாம் வகை. விசாரித்துப் பார்த்திருந்தால் மெய்யா பொய்யா என்று தெரிந்திருக்கும். விசாரிக்கத்தான் ஆளில்லை.

விபத்து நடந்த இரவோடு செய்தியும் முடிந்துவிடவில்லை. அந்த ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, நாற்பது ஆண்டு கழித்து, 2025-இல்தான் பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. அப்போது அவ்வூர் மக்கள் அஞ்சிப் போராடினர்.

போபால் எங்கோ தொலைவில் இருக்கிறது என்று நாம் இருந்துவிட முடியாது. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆலைகளே கூடாது என்பது நம் கட்சியல்ல. தொழில் வளர வேண்டும். அதன் பக்கத்தில் வாழும் மனிதனும் வாழ வேண்டும். அதற்குப் பத்திரிகைகள் முதல் கசிவிலேயே கேள்வி கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேட்க வேண்டும். அதிகாரிகள் மறுப்பு அறிக்கை எழுதுமுன் ஆலைக்குள் சென்று பார்க்க வேண்டும். வாசகர்களும் அந்த எட்டு வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், பிறகு என்ன ஆயிற்று என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்வது பழமொழி. அணை எங்கே விரிசல் கண்டிருக்கிறது என்று சொல்வதுதான் பத்திரிகையின் வேலை.