நட்சத்திரங்களை எங்கே நிறுத்துவது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ‘நேரம் பொன் போன்றது’, ‘நாளைய உலகம் இளைஞர் கையில்’ என்றெல்லாம் அழகாக எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். அது கால்பந்து. அதிலும் ஒரே ஒரு கேள்வி. ஒரு அணியில் மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், மூன்று பேருமே ஒரே இடத்தில்தான் ஆடுவேன் என்கிறார்கள். என்ன செய்வது?

இது ஏதோ ஐரோப்பாவில் நடக்கும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். நம் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. சென்ற ஆண்டு பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி எடுத்தபோது, நம்மிடம் மூன்று அருமையான ஃபார்வர்டுகள் இருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, மூன்று பேருமே பந்தைக் காலில் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள். யாரையும் வெளியே உட்கார வைக்க மனசு வரவில்லை. அதனால் மூன்று பேரையும் முன்னால் போட்டு, அதற்கு இடம் பண்ணுவதற்காக டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் ஹாஃப் ஒருவனை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஹாஃபைக் கொண்டுபோய் பேக்கில் நிறுத்தினார்கள். அவன் அந்த இடத்தில் ஒரு நாளும் ஆடியதில்லை.

எடுத்துவிடப்பட்ட அந்த ஹாஃப் அடியேன்தான்!

‘அணியில் எடுக்காத கோபத்தில் எழுதுகிறான்’ என்று நீங்கள் நினைக்கலாம். கோபம் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. அன்றைக்கு நாம் ஒன்றுக்கு நான்கு என்று தோற்றோம். நடுவில் பந்தைப் பிடுங்க ஆள் இல்லை. முன்னால் நின்ற மூன்று அண்ணன்களும் கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பந்து வந்தால்தானே! நான் தண்ணீர் பாட்டில் கூடையோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், மூன்றாவது கோல் விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். நம் காலேஜ் பனியன் போட்டுக்கொண்டு, நம் அணி தோற்பதில் ஒருவன் சந்தோஷப்பட்டான் என்றால், அந்த அணியில் ஏதோ தப்பு இருக்கிறது. அவனிடமும் இருக்கிறது.

வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் திருநீர்மலை. அப்பா கொத்தனார். பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை என்று வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். அப்பாவுக்குக் கால்பந்தும் தெரியாது, என் சிவில் பாடமும் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“என்னாடா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு உக்காந்திருக்க?”

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“சித்தாள் வரலன்னா நானே கலவை போடுவேன், செங்கல்லும் தூக்குவேன். கொத்தனார் வரலன்னா சித்தாள் கையில கரண்டியக் குடுத்து செவுத்த பூசச் சொல்ல முடியுமா? செவுரு கோணிக்கும். வேலை தெரிஞ்சவன்தான்டா எடம் மாறணும். தெரியாதவன அவன் எடத்துலயே உடணும்.”

“அப்போ நான் சித்தாளாப்பா?” என்றேன் கொஞ்சம் கடுப்போடு.

“சித்தாள் இல்லாம எந்த வூடுடா எழும்பிச்சு?” என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

நண்பர்களே, என் கட்டுரை மொத்தமும் இவ்வளவுதான். நாம் எப்போதும் தலைகீழாகச் செய்கிறோம். நட்சத்திர ஆட்டக்காரருக்கு அவர் கேட்ட இடத்தைக் கொடுத்துவிட்டு, சாதாரண ஆட்டக்காரனைத் தெரியாத இடத்துக்குத் தள்ளுகிறோம். நகர வேண்டியது நட்சத்திரம்தான். ஏனென்றால் அவரால்தான் நகர முடியும்!

அப்பா சொன்னது கால்பந்துக்கு எடுபடுமா என்று தேடிப் பார்த்தேன். 2024ல் ‘மைதான்’ என்று ஒரு இந்திப் படம் வந்ததே, அதில் வரும் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் நிஜ மனிதர். ஹைதராபாத்காரர். 1962ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்தில் தங்கம் வாங்கியது அவர் பயிற்சியில்தான்.

அந்த அணியிலும் நம் பிரச்சினை இருந்தது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் என்று மூன்று பெரிய ஃபார்வர்டுகள். இதில் பலராம் செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சுனிக்கு ‘லெஃப்ட் இன்’ என்னும் உள்பக்க இடம். பலராமுக்கும் அந்த இடம் நன்றாக வரும். ஆனால் பலராம் நடுவில் போட்டாலும் ஆடுவார், இடது ஓரத்தில் போட்டாலும் ஆடுவார். அதனால்தான் மூன்று பேரும் ஒரே அணியில் அடங்கினார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஜர்னைல் சிங். அவர் ஸ்டாப்பர், பின்னால் நிற்கும் சுவர். முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் ஜர்னைலுக்குத் தலையில் பலத்த அடி, தையல் போட்டார்கள். ஜப்பானோடு ஆடவில்லை. அரையிறுதிக்கு ரஹீம் அவரை மறுபடியும் இறக்கினார். எங்கே தெரியுமா? சென்டர் ஃபார்வர்டாக! தெற்கு வியட்நாமை 3-2 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4ம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று தலையில் தையலோடு ஜர்னைல் சிங். ரஹீம் புற்றுநோயால் 1963ல் காலமானார். அதற்குப் பிறகு இன்று வரை இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வாங்கவில்லை.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத் பக்கம் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆட வந்தபோது அவர் சென்டர் ஃபார்வர்டு! பிறகுதான் கோல்கீப்பராக மாறினார். மாறியதால் பேர் கெட்டதா? அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவர் பேர் எடுத்தார். 1967ல் அர்ஜுனா விருது கிடைத்தது. அவர் ‘நான் கோல் போடத்தான் வந்தேன், கோல் பிடிக்க வரவில்லை’ என்று அடம் பிடித்திருந்தால்?

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் 1970ல் உலகக் கோப்பையை வாங்கிய பிரேசில் இருக்கிறது. பீலே, ஜெர்சன், ரிவெலினோ, டோஸ்டாவோ, ஜெர்சினோ என்று ஐந்து பேர். ஐந்து பேருமே தங்கள் தங்கள் கிளப்பில் ஆட்டத்தைத் தன் காலில் வைத்து நடத்துகிறவர்கள். பயிற்சியாளர் சகாலோ ரிவெலினோவை இடது பக்கம் கொண்டுபோனார், ஜெர்சினோவை வலது ஓரத்தில் விட்டார், டோஸ்டாவோவை முன்னால் நிறுத்தினார். நடுக்களத்து ஆட்டக்காரரான பியாசாவைப் பின்னால் டிஃபென்ஸுக்கு அனுப்பினார். ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. ஓரத்துக்குப் போன ஜெர்சினோ ஆறு ஆட்டத்திலும் கோல் போட்டார்!

‘அப்படியானால் பெரிய ஆட்டக்காரரை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாமா?’ என்று கேட்பீர்கள். கூடாது. இங்கிலாந்தில் பால் ஸ்கோல்ஸ் என்று ஒருவர் இருந்தார், நடுக்களத்தில் கெட்டிக்காரர். ஜெரார்டும் லாம்பார்டும் நடுவில் ஆட வேண்டும் என்பதற்காக 2004 ஐரோப்பியக் கோப்பையில் அவரை இடது பக்கம் ஒதுக்கினார்கள். இங்கிலாந்து காலிறுதியோடு வீட்டுக்கு வந்தது. அந்த ஆண்டே அவர் நாட்டு அணியிலிருந்து விலகிவிட்டார். ஜர்னைலை நகர்த்தியது முன்னால் ஆள் தேவைப்பட்டதால். ஸ்கோல்ஸை நகர்த்தியது இன்னும் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடம் பண்ண. இந்த வித்தியாசத்தை ஆட்டக்காரன் மனசு உடனே கண்டுபிடித்துவிடும்.

எல்லா நட்சத்திரங்களையும் விலைக்கு வாங்கி ஒன்றாகப் போட்டால் போதும் என்பதும் பொய்தான். பாரிஸ் அணியில் 2021ல் மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். இரண்டு சீசன் ஆடினார்கள். இரண்டு முறையும் சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதிக்குக்கூடப் போகவில்லை. மூவரும் போன பிறகு, 2025 மே 31ம் தேதி அதே பாரிஸ் அணி இன்டர் மிலானை 5-0 என்று அடித்துக் கோப்பையை வாங்கியது. அந்த சீசனில் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த டெம்பெலேயை நடுவுக்கு மாற்றினார்கள். அந்த வருடத்தின் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குப் போனது!

இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம். நம் காலேஜுக்கு வருவோம். தோற்றுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அந்த மூன்று பேரில் ஒரு அண்ணனிடம் கேட்டேன், “நீங்க பின்னாடி நின்னிருக்கலாமே ண்ணா?” அவர் கோபப்படவில்லை. “பேக்ல நின்னா யாருடா என்னப் பார்ப்பாங்க? கோல் போட்டாதான் பேரு. பேரு இருந்தாதான் ஸ்போர்ட்ஸ் கோட்டா” என்றார். அவர் வீட்டு நிலைமையும் என் வீட்டு நிலைமை மாதிரிதான். அந்தச் சான்றிதழில் ஒரு வேலையோ, இன்ஜினியரிங் சீட்டோ இருக்கிறது என்று நம்புகிறவர். அவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோல் போட்டவனுக்கு மட்டும் மாலை போட்டுவிட்டு, மற்றவனைப் பார்த்து ‘தியாகம் பண்ணு’ என்றால் யார் பண்ணுவார்கள்?

அதனால் மாணவர் பேரவைக்கும் எங்கள் பி.டி. சாருக்கும் பணிவோடு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: ஒருவரை இடம் மாற்றுவதாக இருந்தால், ஏன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். வெளியே உட்கார வைப்பதாக இருந்தாலும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பாதிக் கோபம் போய்விடும். இது என் சொந்த அனுபவம்.

இரண்டு: ஆட்டத்தன்று காலையில் இடம் மாற்றாதீர்கள். பயிற்சி ஆட்டங்களிலேயே பெரிய ஆட்டக்காரர்களை இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் பழக்குங்கள். அணிப் பட்டியலை மூன்று நாள் முன்னாலேயே நோட்டீஸ் போர்டில் போடுங்கள்.

மூன்று: ஆண்டு விழாவில் அதிக கோல் போட்டவருக்குக் கோப்பை கொடுப்பது போல, அணிக்காக இடம் மாறி ஆடியவருக்கும் ஒரு கோப்பை கொடுங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. மேடையில் பேர் வாசித்தால் போதும்.

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். யாரை எந்த வேலையில் வைப்பது என்பதுதான் அதில் விஷயம். இரண்டாயிரம் வருடத்துப் பிரச்சினை ஒரு வருடத்தில் தீராது என்று எனக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று, எங்கள் ஊர்ப் பெருமையும் ஆச்சு. திருநீர்மலைக் கோயிலில் பெருமாள் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்று நான்கு கோலங்களில் இருக்கிறார். கீழே நிற்கிறார், மலைமேல் படுத்திருக்கிறார். எந்தக் கோலத்தில் இருந்தாலும் கும்பிடுகிறவர்கள் குறைவதில்லை. பெருமாளே நான்கு விதமாக இருக்கும்போது, நம் சென்டர் ஃபார்வர்டு அண்ணன் இரண்டு ஆட்டம் ஸ்டாப்பராக நின்றால் என்ன குறைந்துவிடும்?

எனக்கும் ஒரு பாடம் இதில் உண்டு. எனக்கு ஒரு இடம்தான் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவும் ஒரு காலத்தில் சித்தாளாக இருந்தவர்தான். கரண்டி பிடிக்கப் பழகியதால் கொத்தனார் ஆனார். இப்போது தினமும் சாயங்காலம் ஏரிப் பக்கத்துக் காலி இடத்தில், பசங்க கிரிக்கெட் முடித்துப் போன பிறகு, லெஃப்ட் பேக்காக ஆடப் பழகிக்கொண்டிருக்கிறேன். இடது கால் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

இந்த ஆண்டு அணியில் எனக்கு இடம் உண்டா என்று தெரியாது. தினமும் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். பேர் இல்லாவிட்டாலும் தண்ணீர்க் கூடையோடு வருவேன். இந்த முறை எதிரணி கோல் போட்டால் சந்தோஷப்பட மாட்டேன். இது சத்தியம்!



— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், திருநீர்மலை