மானும் பாயிண்ட் முந்நூற்றுப் பதினைந்தும்

நம்முடைய தொடர்கதைகளில் வருகிற மான்கள் மிகவும் ஒத்துழைக்கும் பிராணிகள். ஜமீன்தார் மகன் ஜீப்பிலிருந்து குதிக்கிறான். துப்பாக்கி 'டுமீல்' என்கிறது. மான் ஒரே துள்ளலில் விழுந்து பிராணனை விட்டுவிடுகிறது. அடுத்த வரியில் கதாநாயகி கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அதற்கும் அடுத்த வரியில் காதல் பிறந்துவிடுகிறது. மான் எத்தனை கெஜ தூரத்தில் நின்றது, துப்பாக்கி என்ன துப்பாக்கி, குண்டு உடம்பில் எங்கே பட்டது என்பதெல்லாம் எழுதினவருக்கும் தெரியாது, படிக்கிறவரும் கேட்பதில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தத் தொழிலின் சௌகரியங்களை நான் அறிவேன். ஆனால் இந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பது நாம் இல்லை, மான். அதுதான் என் வழக்கு.

இந்த வழக்கைத் தொடுக்கும்படி என்னைத் தூண்டிவிட்டது விருத்தாசலம். அந்த ஊரில் பழமலைநாதர் கோயிலும் மணிமுக்தா நதியும் இருக்கின்றன. அவற்றோடு பீங்கானும் இருக்கிறது. ஃப்யூஸ் கட்டையிலிருந்து பிள்ளையார் பொம்மை வரையில் அங்கே சூளையில் வேகிறது. அந்தத் தொழிலில் இருக்கும் ஓர் அன்பர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். நிறையப் படித்தவர். அலமாரியில் ஜிம் கார்பெட் ஒரு வரிசை, கென்னத் ஆண்டர்சன் ஒரு வரிசை. மேஜையின் மேல் வெள்ளைப் பீங்கானில் ஒரு மான். காப்பி வந்தது, கூடவே கேள்வியும் வந்தது.

"ஸார், மான் வேட்டைக்கு எந்தக் காலிபர் சரியாக இருக்கும்? உங்கள் அபிப்பிராயம் என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் கூடியிருந்த நாலு பேரும் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் பாயிண்ட் இருபத்திரண்டு போதும் என்றார். இன்னொருவர் யானைக்கு உகந்த ஆயுதத்துக்குக் குறைந்து எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாலு பேரில் மானைக் காட்டில் பார்த்தவர் ஒருவர்தான். அவர் பார்த்ததும் ரயில் ஜன்னல் வழியாக.

கேள்வியை நான் பரிகாசம் செய்யவில்லை. அதற்கு ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னால்தான் நம் வேட்டைக் கதைகளின் பொய் தெரியும்.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். .22 என்றால் ஐந்தரை மில்லிமீட்டர் சொச்சம்; .315 என்றால் எட்டு மில்லிமீட்டர். ஆனால் விட்டம் மட்டும் மானைக் கொல்வதில்லை. குண்டின் எடை, அது போகும் வேகம், உள்ளே நுழைந்ததும் அதன் மூக்கு மலர்கிறதா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எங்கே படுகிறது என்பது, இவ்வளவும் சேர்ந்துதான் கொல்கிறது. வளர்ந்த ஆண் புள்ளிமான் எழுபது கிலோவுக்குக் குறையாது. அவ்வளவு பெரிய உடம்பில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஒரு சிறிய பீங்கான் தட்டின் அளவுதான். தட்டுக்குள் பட்டால் சில விநாடிகளில் முடிந்துவிடும். தட்டுக்கு வெளியே வயிற்றில் பட்டால் மான் ஓடும், மணிக்கணக்கில் ஓடும், எங்கேயோ ஒரு முட்புதரில் படுத்து, நாயோ நரியோ வந்து முடித்துவைக்கும் வரையில் உயிரோடிருக்கும். தொடர்கதை இந்த இடத்தில் 'தொடரும்' என்று போடுவதில்லை.

இங்கிலாந்தில் இந்தத் தட்டை நினைத்துச் சட்டம் செய்திருக்கிறார்கள். அங்கே மான் சுடுவது இன்றும் அனுமதிக்கப்பட்ட காரியம். 1991ஆம் வருஷத்து மான் சட்டப்படி, மானைச் சுடும் ரைஃபிள் .240 காலிபருக்குக் குறையக்கூடாது. குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டின் சக்தி 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது. குண்டு மூக்கு மலரும் ஜாதியாக இருக்க வேண்டும். மிகச் சிறிய மான் இனங்கள் இரண்டுக்கு மட்டும் பிற்பாடு சலுகை கொடுத்தார்கள். நம் நண்பர் சிபாரிசு செய்த .22 துப்பாக்கியின் சக்தி சுமார் 100 முதல் 150 அடி-பவுண்டு. முயலுக்குச் சரி. மானுக்கு அது வேட்டை இல்லை, சித்திரவதை.

இதில் ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். மூக்கு மலரும் குண்டுக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்தது நம் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலை. மனிதன்மேல் அதைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899இல் ஹேக் நகரத்தில் கூடித் தடை செய்தார்கள். மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கிய அதே குண்டை மானுக்குக் கருணை என்று கட்டாயமாக்கியிருக்கிறது இங்கிலாந்துச் சட்டம். இரண்டும் நியாயமே. போர்வீரனைக் காயப்படுத்தினால் ஆஸ்பத்திரி இருக்கிறது. காயம்பட்ட மானுக்கு அந்த வசதி இல்லை.

ஆக, நேர்மையான பதில் இதுதான்: கார்பெட் வைத்திருந்தாரே, .275 ரிக்பி, அந்த ரகம். ஒன்பது கிராம் எடையுள்ள மூக்கு மலரும் குண்டு, நூறு கெஜத்துக்குள் தூரம், துப்பாக்கியைச் சாய்த்துக்கொள்ள ஒரு மரக்கிளை, பகல் வெளிச்சம், பக்கவாட்டில் அசையாமல் நிற்கிற மான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிவிட வேண்டும். பெல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் இதே .275ஐ வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்று சொல்லிச் சிறிய காலிபருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று பாடம் படித்தவர். நாம் அவர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தவர்கள்.

நம் நாட்டில் எந்தத் துப்பாக்கிக்காரராவது இப்படி மானை நினைத்துக் காலிபர் தேர்ந்தெடுத்தாரா? சரித்திரத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தேர்ந்தெடுத்தது சர்க்கார், அதுவும் மானை நினைத்து அல்ல, நம்மை நினைத்துப் பயந்து. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்தது. வெள்ளைக்காரருக்கு விலக்குக் கொடுத்தது. பட்டாளத்துத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடக்கூடாதென்று 1907இல் .450 அளவுத் துப்பாக்கிகளுக்கே தடை வந்தது. உடனே சீமைக் கம்பெனிகள் .470 என்றும் இன்னும் என்னென்னவோ அளவுகளிலும் புதிது புதிதாகச் செய்து தள்ளின. பட்டாளத்து .303உம் பொதுஜனங்களுக்கு ஆகாது என்பதால் வந்து சேர்ந்ததுதான் .315. பர்மிங்ஹாம் கம்பெனி செய்து அனுப்பியது; சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாப்பூர் சர்க்கார் தொழிற்சாலை செய்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் 'பாயிண்ட் முந்நூற்றுப் பதினைந்து' என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்களே, அந்த எண்ணில் வீரமும் இல்லை, வேட்டை ஞானமும் இல்லை. பதினாறு கிராம் எடையுள்ள அதன் கனத்த குண்டு கிட்டத்தில் மானை வீழ்த்தும் என்பது வாஸ்தவம். ஆனால் மெதுவாகப் போகிற குண்டு. தூரம் கூடக்கூடக் கீழே இறங்கும். நூற்றைம்பது கெஜத்தில் தட்டை விட்டு வயிற்றைத் தொடும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது வேட்டையை ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. அப்போது புள்ளிமான் 'பெரு வேட்டை' மிருகங்களின் பட்டியலில் இருந்தது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடலாம் என்று சட்டம் இடம் வைத்திருந்தது. ஆனால் பதினேழாம் பிரிவில் நிபந்தனைகள் விதித்தார்கள். ராத்திரியில் சுடாதே, விளக்கடித்துச் சுடாதே, வண்டியிலிருந்து சுடாதே, தண்ணீர்த் துறையில் ஒளிந்திருந்து சுடாதே, பெரிய மிருகத்தை ரைஃபிளால் சுடு, சிதறுகிற ரவையால் சுடாதே. அதை எழுதினவர் துப்பாக்கியின் மறுமுனையில் நின்று யோசித்திருக்கிறார். நம் தசரத மகாராஜா மட்டும் அந்தப் பிரிவுக்கு உட்பட்டிருந்தால் ராமாயணமே நடந்திராது. ராத்திரி, தண்ணீர்த் துறை, கண்ணால் பாராமல் காதால் கேட்டு அம்பு! மூன்று குற்றம். பிள்ளையைப் பறிகொடுத்த குருட்டுத் தகப்பன் சாபம் கொடுக்காமல் என்ன செய்வான்? 1991இல் திருத்தம் வந்து லைசென்ஸோடு நிபந்தனைகளும் போயின. கதவு சாத்தியாகிவிட்டது. மான் வேட்டை இன்று குற்றம். ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம்.

கதவு சாத்திய பிறகு வேட்டை நின்றதா? அதுதான் இல்லை. நின்றது ரைஃபிள் மட்டும். காட்டோரத்து ஊர்களில் யாராவது பிடிபட்டால் பத்திரிகையில் வருகிற சாமான்கள் என்ன? நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டு, நெற்றி விளக்கு. சைக்கிளிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் கழற்றின இரும்பு உருண்டைகளைக் குழாயில் போட்டுக் கெட்டித்து, இருட்டில் இரண்டு கண்கள் பளபளக்கிற திசையில் விடுகிறார்கள். உருண்டையான இரும்பு மலராது, நேராகவும் போகாது. ஒரு மான் விழுந்தால் எத்தனை மான் உருண்டையைச் சுமந்துகொண்டு ஓடிற்றென்று கணக்கு வைப்பாரில்லை. இதைச் சொன்னதும் உடனே குறவர், இருளர் என்று ஜாதி சொல்லி விரல் நீட்டாதீர்கள். அந்த இறைச்சியை வாங்குகிறவன் யார்? காரில் வந்து, கிலோவுக்கு என்ன விலை என்று ரகசியமாகக் கேட்டு, 'மான் கறி சாப்பிட்டேன்' என்று கிளப்பில் சொல்லிக்கொள்கிறவன் நம் வர்க்கத்து மனிதன். கார்பெட்டும் படித்திருப்பான். .275க்கும் .315க்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியும். தன் தட்டில் இருக்கிற துண்டு எந்தக் காலிபரால் செத்தது என்று மட்டும் கேட்கமாட்டான்.

காலிபர் கேள்விக்கு இன்றைக்கும் உண்மையான இடம் ஒன்று உண்டு. விருத்தாசலத்துச் சுற்று வட்டாரம் மணிலாக்கொட்டை பூமி. அந்த ஊர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் தமிழ்நாடு முழுவதும் விதைக்கப்படுகின்றன. காட்டோரத்தில் மணிலா போட்ட குடியானவன் ராத்திரி முழுவதும் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய் மானின் அழகைப் பேசினால் அடிக்க வருவான், வரவேண்டியதுதான். பயிரை அழிக்கும் மிருகம் கடுங்காவல் பட்டியலில் இல்லாததாயிருந்தால், காரணத்தை எழுதிவைத்து அதைச் சுட அனுமதி தரும் அதிகாரம் அதே சட்டத்தின் பதினோராம் பிரிவில் வனத்துறைக்கு இருக்கிறது. அப்படி ஓர் உத்தரவு எழுதப்படுகிற நாளில், யார் கையில் எந்தத் துப்பாக்கி, என்ன குண்டு, எத்தனை கெஜம், பகலா இரவா, காயம்பட்டதைத் தேடி முடிக்க யார் பொறுப்பு என்று அந்த உத்தரவிலேயே எழுதும்படி கேளுங்கள். 'சுடலாம்' என்ற ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ஆயுதத்தைப் பற்றி மௌனம் சாதித்தால், மறுபடியும் பால்ரஸ்தான் வரும்.

விருத்தாசலத்து அன்பர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்படியானால் உங்கள் கதாநாயகன் மானைச் சுடவே கூடாதா?" என்றார். சுடட்டும்; ஆனால் சுட்டபின் ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு முள்ளுக்குள் நாலு மைல் நடக்கட்டும். காதலுக்குக் கொஞ்சம் தாமதமாகும். பத்திரிகாசிரியர் இரண்டு வாரம் கூடுதலாக இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.