“வீட்டு விஷயம்” என்று ஒதுங்காதீர்கள்!

தோழர்களே!

“அது அவர்கள் வீட்டு விஷயம்.” இந்த நாலு வார்த்தைகளைப் போல நம் பிள்ளைகளுக்குக் கேடு செய்த வார்த்தைகள் வேறில்லை.

மில் லைன் வீட்டிலும், கூலிக்காரர் குடிசையிலும் மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டால், அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது இதைத்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் பெரிய மனிதர்கள் சொல்வதும் இதைத்தான். புகார் கொடுக்கப் போனவளுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் பல சமயம் கிடைக்கும் பதிலும் இதுதான். சங்கக் கூட்டத்தில் உரிமை பற்றி முழங்கும் சிலர்கூட வீட்டுவாசல் வந்ததும் இதையே சொல்கிறார்கள்.

எத்தனை வீட்டு விஷயம் இது? 2019-21ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கல்யாணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். ஒரு நோய் இத்தனை வீடுகளில் புகுந்தால் அதைக் கொள்ளைநோய் என்போம். இதை மட்டும் வீட்டு விஷயம் என்பதா?

அந்த வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

“பிள்ளைகளை அவன் தொடுவதே இல்லை, தாயைத்தானே அடிக்கிறான்” என்று சமாதானம் சொல்வோர் உண்டு. இது பொய்ச் சமாதானம்! போர்வைக்குள் விழித்துக் கிடந்து ஒவ்வோர் அடியையும் எண்ணுகிற பிள்ளைக்கு அடி விழவில்லை என்று எவன் சொன்னான்? அப்பிள்ளைக்குத் தூக்கம் போகிறது. வளர்ந்த பிள்ளை பாயை நனைக்கிறது. நன்றாகப் பேசிய வாய் திக்குகிறது. பாடம் மண்டையில் ஏறுவதில்லை. பள்ளியில் “மக்கு” என்ற பட்டம் கிடைக்கிறது. மூத்த பெண், தம்பி தங்கையைக் காக்கப் பள்ளியை விட்டு நிற்கிறாள். மகனோ, கை ஓங்கியவனுக்கே வீடு அடங்கும் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, “என்னால்தான் அப்பாவுக்குக் கோபம் வருகிறது” என்று பிஞ்சு மனம் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்வதுதான்.

இன்னொரு வாதமும் உண்டு. “வறுமையும் குடியும்தான் காரணம். கூலி உயரட்டும், மதுக்கடை மூடட்டும். எல்லாம் தானாகத் தீரும்.”

கூலிக்காகப் போராடத்தான் வேண்டும். 2003லிருந்து சர்க்காரே டாஸ்மாக் மூலம் சில்லறைக் கடை நடத்திக் கூலிப் பணத்தை வாரிக்கொள்வதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம். குடித்தவன் மில் மானேஜரை அடிக்கிறானா? பண்ணையார் மேல் கை வைக்கிறானா? இல்லை! யாரை அடித்தால் கேள்வி வராது என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. மாளிகைகளிலும் மனைவி அடிபடுகிறாள்; அங்கே என்ன வறுமை? கேள்வி வராத இடம் வீடு. ஆகவே, கேள்வியைக் கொண்டுபோக வேண்டிய இடமும் வீடுதான்.

கீழத் தஞ்சையின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் உண்டு. ஆண்டைக்கும் ஆளுக்கும் உள்ள விவகாரம் என்று அதை விட்டுவிடாமல், 1940களில் உழைப்பாளிகள் சங்கமாகத் திரண்டு எதிர்த்து ஒழித்தார்கள். ஆண்டையின் கையிலிருந்து சவுக்கைப் பிடுங்கியவர்கள், அதே சவுக்கைத் தங்கள் குடிசைக்குள் அனுமதிக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ல் நிறைவேறி, 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அடிபட்டவள்தான் வாய் திறக்க வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. அடித்தவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும், அவர்கள் செலவுக்குப் பணம் கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. மாதருக்கும் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தாய் பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குப் போக நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சொல்லி அங்குள்ள சர்க்கார் பள்ளி 8ஆம் வகுப்பு வரை அவர்களைச் சேர்க்க மறுக்கக்கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் தரும் உரிமை இது.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டத்தைக் குடிசை வாசலுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். அது நாம்தான்.

நாம் செய்ய வேண்டியது

அலறல் கேட்டால் நாலு பேர் சேர்ந்து போய்க் கதவைத் தட்டுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112க்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு 1098, மாதருக்கு 181. இந்த எண்களைச் சங்க ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அன்றிரவு தாயும் பிள்ளைகளும் பயமின்றித் தங்க ஒரு வீடு பாருங்கள்.

பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பெற்றோருக்கிடையே தூது அனுப்பாதீர்கள். “இது உன் தப்பல்ல” என்று சொல்லுங்கள். சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நம்பிப் பேச ஒரே ஒரு பெரியவர் நிலையாக இருந்தாலும் பிள்ளை தேறி வரும். பள்ளிக்கூடம் ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ” என்று அடிபட்டவளைத் திருப்பி அனுப்பும் பஞ்சாயத்துக்குத் துணைபோகாதீர்கள். பிள்ளைகளுக்காகத்தான் அவளை அனுப்பக் கூடாது!

அடிப்பவன் சங்கத்தின் உறுப்பினனா? நிர்வாகியா? யாராயினும் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். மனைவி மக்களை நடுங்க வைப்பவனுக்கு முதலாளியின் கொடுமையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

தோழர்களே, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் நம் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். அந்தக் கதவுகளைத் தட்டுங்கள்!