பயிற்சி ஏலப்பொருள் அன்று

நகரத் தொழிலாளரின் திறன் வளர்க்க முனைவோர், பயிற்சி தருவோரைத் தேடும்போது முதலில் கேட்பது, "கட்டணம் எவ்வளவு?" என்பதே. அடுத்துக் கேட்பது, "எத்தனை பேருக்கு?" என்பது. கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. நாற்காலி வாங்கவும் நல்லாசிரியரைத் தேடவும் ஒரே அளவுகோலா?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கு 1979இல் திறன் மேம்பாட்டு நிதி தோன்றியது. முதலாளிகளிடம் பெற்ற தீர்வை பயிற்சிக்குச் செலவிடப்பட்டது. ஆனால், இயந்திரம் பயிலுமுன் எழுத்தும் எண்ணும் வேண்டுமன்றோ? எனவே, அடிப்படைக் கல்வி குறைந்த தொழிலாளர்க்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் 'பெஸ்ட்' திட்டம் 1983இல் வந்தது. கற்பவரின் நிலையறிந்து தொடங்குவதே கற்பித்தலின் முதல் விதி. அத்திட்டம் அவ்விதியை மதித்தது.

அதே நகரில் 2017இல் வெளிப்பட்டது வேறொரு செய்தி. 9 நிறுவனங்களின் வழி வந்த பொய்க் கோரிக்கைகளுக்குப் பயிற்சி மானியமாக ஏறத்தாழ 4 கோடி வெள்ளி வழங்கப்பட்டிருந்தது. வகுப்பறையைக் காணாமல் தாளை மட்டும் கண்டால் நேரும் கேடு இதுவே.

குறைந்த விலை கேட்பவரைத் தேர்வதே பொதுப்பணத்தைக் காக்கும் வழி என்பர் சிலர். பயனற்ற பயிற்சியைவிட விலைமிக்கது எது? வேலை முடிந்து களைத்து வரும் தொழிலாளி தன் மாலைப்பொழுதை அதற்கு ஈடாகத் தருகிறானே! அவ்விழப்பை எந்த ஏலக்குத்தகைப் படிவம் கணக்கிடுகிறது?

மலேசியாவிலும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளிகள் மனிதவள மேம்பாட்டுத் தீர்வை செலுத்துகின்றனர். எனவே இவ்வினா நமக்கும் உரியது.

பயிற்சி ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்திக் காட்டாமல் நாம் அவருக்குத் தேர்ச்சி வழங்குவதில்லை. அம்முறையே இங்கும் வேண்டும். ஒப்பந்தத்திற்கு முன் ஒரு பாடத்தை நடத்தச் செய்து பார்க்க வேண்டும். கற்பவர்க்கு விளங்கும் மொழியில் விளக்குகிறாரா என ஆராய வேண்டும். கட்டணத்தின் ஒரு பகுதியை, கற்றவர் தம் பணியிடத்தில் அத்திறனைச் செய்துகாட்டிய பின்னரே தர வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! நம் பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர் பலர் நாளை அவ்வகுப்புகளில் அமர்வர். அங்கு அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது வெறும் சான்றிதழ் அன்று, கைத்திறன். அதை வலியுறுத்தும் கடமை கற்பித்தலை அறிந்த நமக்கே முதலில் உண்டு.