பட்டறைக்கு எத்தனை அடி?

பழைய மோட்டார் வண்டிகளை வாங்கிப் பழுது நீக்கி ஓட்டி மகிழ்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் நம் நாட்டிலும் பலர் உளர். அவர்கள் ஒருவரையொருவர் காணுந்தோறும் எழும் வினா ஒன்றுண்டு. வீட்டில் அமைக்கும் பட்டறை எத்துணைப் பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. "எவ்வளவு பெரிதாகக் கட்ட இயலுமோ அவ்வளவு கட்டுக, கட்டிய பின்னர் அதுவும் போதாது" என்பது அவருள் பெரும்பாலோர் கூறும் விடை. இவ்விடை நகைச்சுவைக்கு நன்று. வீடு கட்டுவதற்கு நன்றன்று என்பது என் துணிபு. இலக்கணம் பயில்வோனுக்கு இரும்பு வேலையில் என்ன உரிமை என்று அன்பர் சிலர் வினவலாம். அளவு பார்த்தல் யாப்பிற்கு மட்டும் உரியதன்று என்று கூறி மேற்செல்கின்றேன்.

பட்டறை என்னும் சொல்லையே முதற்கண் நோக்குவோம். பட்டடை என்பது கொல்லன் இரும்பை வைத்தடிக்கும் அடைகல்லுக்குப் பெயர்; அவன் தொழில் புரியும் இடத்திற்கும் அதுவே பெயராயிற்று. ஒரு கல்லைச் சுற்றி எழுந்த இடம் அது. சிற்றூர்க் கொல்லன் பட்டறையைக் கண்டோர் அதன் அமைப்பை அறிவர். துருத்தியும் உலையும் ஒருபால், நீர்த்தொட்டி ஒருபால், சம்மட்டியும் குறடும் அரமும் ஒருபால். யாவும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும். இதற்கு வறுமை காரணமன்று. பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டிற் பற்றிக்கொண்டு பத்தடி நடப்பின் அதற்குள் இரும்பு ஆறிவிடும். தொழிலே அங்கு அளவை வகுத்தது. மோட்டார்ப் பட்டறைக்கும் தொழிலே அளவை வகுத்தல் வேண்டும் என்பதுதான் நான் கூற வருவது.

சிறு இடமே போதும் என்பாரும் உளர். அவர்கள் காட்டும் சான்றுகள் வலியுடையனவே. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஓட்டலிற் பணி செய்து பொருள் சேர்த்து, ஆங்கில அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். இலண்டனில் காலின் சாப்மன் என்பார் 1948-இல், பின்னர்த் தாம் மணந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டிலில், பழைய ஆஸ்டின் செவன் வண்டியொன்றைக் கொண்டு முதல் லோட்டஸ் வண்டியை அமைத்தார். இவர்களுக்கெல்லாம் முன்னவர் ஹென்றி போர்டு. டெட்ராயிட் நகரில் தாம் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னே இருந்த செங்கற் கொட்டிலில் அவர் தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். மிதிவண்டிச் சக்கரம் நான்கு பூட்டிய சிறு வண்டி அது. 1896-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் விடியற்காலையில் அதனை வெளியே கொணர முற்பட்டபோது, கொட்டிலின் வாயில் வண்டியினும் குறுகியதாயிருந்தது. கோடரியால் செங்கற்களைப் பெயர்த்த பின்னரே வண்டி தெருவைக் கண்டது. மாதக்கணக்காக உருளையின் விட்டத்தையும் பற்சக்கரத்தின் பல்லையும் அளந்த கைக்கு வாயிலை அளக்கத் தோன்றவில்லை போலும்! சிறு இடத்திற்குச் சான்றாகப் போர்டின் கொட்டிலைக் காட்டுவோர் அந்தச் சுவரையும் உடன் காட்டுதல் வேண்டும்.

பேரளவை விரும்புவோர்க்குரிய சான்று அமெரிக்க நகைச்சுவையாளர் ஜே லெனோ என்பவருடைய பட்டறை. கலிபோர்னியாவில் பர்பாங்கு நகரில் நூற்றுக்கு மேற்பட்ட கார்களை அவர் வைத்திருக்கின்றார். பரப்பிற்கு அங்குக் குறைவில்லை. ஆயினும் 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 1907-ஆம் ஆண்டு நீராவிக் கார் ஒன்றின் அடியிற் படுத்து எரிபொருட் குழாயைச் சீர்செய்துகொண்டிருந்தபொழுது, எரிபொருள் முகத்திற் பீறிட்டுத் தீப்பற்றிக்கொண்டது. உடனிருந்த நண்பர் ஒருவர் அவரை வெளியே இழுத்துக் காத்தார். எத்தனை ஆயிரம் சதுர அடி இருந்தென்ன? அந்நேரத்தில் வேண்டியிருந்தது அருகில் ஓர் ஆளும், அவர் குனிந்து கைகொடுக்கத் தடையற்ற சில அடி இடமுமே.

நிற்க. பொதுவிற் பேசுவதினும் ஒரு வண்டியையும் ஒரு நிலத்தையும் எடுத்துக்கொண்டு பேசுதல் தெளிவு தரும். என் தாய்மாமன் அவர்கள் அரசுப் பணியினின்று இவ்வாண்டு ஓய்வு பெறுகின்றார்கள். அவர்களிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்றுளது. 1961 முதல் 1971 வரை சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் செய்த வண்டி அது. தாம்பரத்தை அடுத்து அவர்கள் வாழும் மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. முன்னே வீடு, பின்னே 40 அடி அகலமும் 30 அடி ஆழமும் உள்ள வெறுநிலம். அதில் 36 அடிக்கு 26 அடியாக மூன்று வண்டிகள் நிற்கத்தக்க பட்டறை எழுப்ப வேண்டுமென்பது மாமா அவர்களின் எண்ணம். அதே நிலத்தில், மாடியேற மாட்டாத என் பாட்டியார்க்குக் கீழே ஓர் அறை கட்டவேண்டுமென்பது அத்தை அவர்களின் எண்ணம். மாமா அவர்கள் இக்கல்லூரியின் பழைய மாணவர். இம்மலர் அவர்கள் கைக்குச் செல்லும். ஆதலின் நான் சொல்வதை அளவுகோல் கொண்டே சொல்லவேண்டியவனாக உள்ளேன்.

ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம். அகலம் 5 அடி. கார் நிறுத்துவதற்கு மட்டுமாயின் 8 அடிக்கு 16 அடி இடம் போதும். நிறுத்துதல் வேறு, வேலை செய்தல் வேறு. கதவை முற்றத் திறந்து பக்கத்தே அமர்ந்து வேலை செய்ய ஒருபுறம் 3 அடியும் மறுபுறம் 4 அடியும் வேண்டும். ஆக அகலம் 12 அடி. பின்னே ஆள் நடக்க 3 அடி. முன்னே மேசைக்கு 2 அடியும், இயந்திரத்தைத் தூக்கும் ஏற்றம் நிற்க ஏறக்குறைய 4 அடியும் ஆகும். இவ்வண்டியின் போனெட் மற்றக் கார்களிற்போல மூடி மட்டும் திறப்பதன்று. சக்கரக் காப்புகளோடு கூடிய முன்பகுதி முழுவதும் முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின்மேலேயே அமர்ந்து இயந்திரத்தைப் பார்க்கலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. அவ்வாறு கவிழ்வதற்கும் அந்த 4 அடியே இடந்தரும். ஆக நீளம் 22 அடி.

இவ்வளவோடு அமையுமாயின் எளிது. ஆனால் பிரித்த வண்டி பூட்டிய வண்டியினும் பெரிது என்பதை இத்தொழிலில் இறங்கியோர் அனைவரும் அறிவர். அம்பாசிடர் வண்டியில் உடலும் சட்டமும் ஒன்றே. ஹெரால்டிற்கோ சட்டம் வேறு, உடல் வேறு. துருவை முற்ற நீக்க விரும்புவோர் உடலைக் கழற்றி ஒருபால் வைத்துச் சட்டத்தை மற்றொருபால் வைப்பர். ஒரு வண்டி இரண்டு வண்டிகளின் இடத்தைக் கொள்ளும். மேலும், 2021-இல் நடுவணரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டி தொன்மை வண்டியாகப் பதிவுபெற வேண்டுமாயின் அதன் முதலுருவம் பேணப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே கழற்றிய ஆணியையும் கைப்பிடியையும் எறிந்துவிடல் ஆகாது. அவற்றிற்குத் தட்டுகள் வேண்டும். இக்காரணம்பற்றி 12 அடி அகலத்தோடு இன்னும் 8 அடி சேர்க்கின்றேன். அந்த எட்டடியில், போனெட் நீங்கிய உடல் தள்ளுசக்கரத்தின்மேல் நிற்க 13 அடி நீளம் போக, எஞ்சிய 9 அடியில் கருவிகளுக்கும் உறுப்புகளுக்கும் சுவரெழுப்பிப் பூட்டிய சிற்றறை ஒன்று அமையும். முழுமையும் 20 அடிக்கு 22 அடி. 440 சதுர அடி. மனையில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவே.

மூன்று வண்டிகளுக்கு இடம் வேண்டாவோ எனின், வேண்டா என்பேன். மாமா அவர்களுக்கு இருப்பன இரண்டு கைகள். ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டி முடிக்குமுன் அடுத்ததைப் பிரித்தால், இரண்டாவது வண்டி துருவிற்கே உணவாகும். கடற்காற்று வீசும் ஊரில் இது விரைவில் நிகழும். இடம் இருப்பதனாலேயே வாங்கப்பட்டு, வாங்கியதனாலேயே கிடந்து மட்கும் வண்டிகளை நம்மூரிற் பல வீடுகளின் பின்புறத்தே காணலாம். அவற்றின்மேல் பீர்க்கங்கொடி நன்றாகப் படர்கின்றது.

இன்னொன்று. மேனாட்டார் நூல்களிற் காணும் பட்டறை அளவுகளை அப்படியே இங்குக் கொணர்தல் தகாது. அங்குப் பனியும் குளிரும் உள. வேலை முழுவதையும் நான்கு சுவர்க்குள் அடைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டிய நிலை அவர்க்கு. நமக்கு வேண்டியது நிழலும் காற்றும். தூண்கள் மேல் கூரை எழுப்பி, இருபுறமும் திறந்துவிட்டால், உப்புத்தாள் தேய்ப்பும் வண்ணம் நீக்கலும் முற்றத்திலேயே நடைபெறும். முற்றமும் பட்டறையின் பகுதியாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவ மழைக்குப் படுதாவும் நீண்ட இறவாரமும் போதும். இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. அடைத்த அறையில் அது ஆளைக் கொல்லும். திறந்த கூரையின்கீழ் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

மாமா அவர்கள் தரையிற் குழி வெட்ட வேண்டும் என்கின்றார்கள். இதனை மட்டும் நான் ஒருவாற்றானும் உடன்படேன். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமுடையது. அது தாழ்ந்து குழியிற் சென்று தேங்கும். அங்கே விளக்குக் கம்பியிலிருந்து ஒரு பொறி விழுந்தாலும் போதும். அன்றியும் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளிற் புகுந்த வெள்ளத்தை அவ்வட்டாரத்தார் மறந்திரார். அத்தகைய நிலத்திற் குழி வெட்டுவது கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் குழியை விரும்புவதற்குரிய காரணம் பொய்யன்று. அறுபது வயதினர் குளிர்ந்த தரையில் மல்லாந்து கிடந்து ஏறக்குறைய 800 கிலோ எடையின்கீழ் வேலை செய்தல் எளிதோ? முழங்கால் வலியோடு எழுந்து எழுந்து கருவி எடுத்தலும் எளிதன்று. இதற்கு விடை உயரத்தில் உளது. கூரையை 12 அடி உயரத்தில் அமைத்து, தரையைத் திண்ணிய கான்கிரீட்டாற் போட்டுவிட்டால், இரு தூண் லிப்ட் ஒன்றைப் பணம் சேர்ந்தபின் நிறுத்திக்கொள்ளலாம். நான் கூறிய 12 அடி அகலம் அதற்கும் பொருந்தும். அதுகாறும் ஜாக்கியும் நான்கு முட்டுத்தாங்கிகளும் துணையாகும். உயரத்திற்குச் சற்று மிகுதியாகச் செலவாகும் என்பது உண்மை. எனினும் அகலத்தைப்போல அது பிறர் இடத்தைப் பறிப்பதில்லை. பின்னாளிற் சுவரைப் பெயர்த்து அகலமாக்கலாம், போர்டு அவர்கள் செய்துகாட்டியதுபோல. கூரையை உயர்த்துவதோ மீளக் கட்டுவதற்கு நிகர்.

இனி நிலத்தைப் பார்ப்போம். வீட்டின் பக்கத்தே 9 அடிச் சந்து ஒன்று பின்புறம் செல்கின்றது. அச்சந்திற்கு நேரே பட்டறையின் 12 அடிப் பகுதி அமையுமாயின், வண்டி நேரே புகுந்து நேரே பின்வாங்கும். ஹெரால்டு 25 அடி வட்டத்திற்குள் திரும்பவல்லது என்பது புகழ்பெற்ற செய்தி. ஆனால் இங்கு அத்திறமைக்கு வேலையே இல்லை. பட்டறைக்கும் வீட்டிற்கும் இடையே 8 அடி திறந்தவெளி நிற்கும். புகையும் ஒலியும் சமையலறைக்குட் புகாமலிருக்க அது வேண்டும். மறுபாதியில் 20 அடி அகலமும் 30 அடி ஆழமும் முழுமையாக மிஞ்சுகின்றன. 12 அடிக்கு 14 அடியாக ஓர் அறையும், அதனையொட்டி 5 அடிக்கு 8 அடியாகக் கைப்பிடிகளோடு கூடிய குளியலறையும் 208 சதுர அடியில் முடியும். வேப்பமரத்தை வெட்ட வேண்டுவதில்லை. அறையின் சாளரத்தைப் பட்டறைப் பக்கம் வைக்கவேண்டும் என்றும் சொல்வேன். வண்டியின் அடியிற் கிடப்பவரைப் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க ஆளொருவர் வேண்டுமன்றோ? மகன் கூப்பிட்ட குரலுக்கு முதலிற் செவிசாய்ப்பவர் பாட்டியாராகத்தான் இருப்பார்கள்.

இத்துணைக் கணக்கும் தாளிலே போட்டது. தாளில் 3 அடி பெரிதாகத் தோன்றும். தரையில் ஒரு கதவைத் திறந்தவுடன் தீர்ந்துவிடும். ஆகையால் கொத்தனாரை அழைக்குமுன் 20 அடிக்கு 22 அடியாக வெறுநிலத்திற் சுண்ணாம்புக் கோடிட்டு, வண்டியை அதனுள் நிறுத்தி, கதவுகளையும் போனெட்டையும் திறந்து, மேசைக்காக ஒரு பெஞ்சையும் போட்டுப் பார்க்கும்படி மாமா அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். மறுபாதியிற் பாட்டியாரின் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் அவ்வாறே வைத்துப் பார்த்தல் வேண்டும். விடுமுறைக்கு வரும்போது சுண்ணாம்புத் தூளும் அளவு நாடாவும் நானே கொண்டுவருவேன். அன்று மழை மட்டும் பெய்யாதிருக்கட்டும்.