கழுவுவது எது?



2024 மார்ச்சில் பெங்களூரின் போர்வெல்கள் பல வற்றிப்போய், டேங்கர் தண்ணீருக்குத் தெருத்தெருவாகக் காத்துக் கிடந்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். குழாய்களில், நீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டர் பொருத்தவும் சொன்னது. இவ்வளவு கொஞ்சத் தண்ணீரில் அழுக்கு போகுமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது.

போகும். தளத்தை ஒட்டி நீர் இழுக்கும் இழுப்புதான் அழுக்கைக் கிளப்புகிறது. எவ்வளவு வேகமாக ஓடும் நீரும் தளத்தைத் தொடும் இடத்தில் அசையாது. சற்று மேலே போகப் போகத்தான் வேகம் கூடும். எவ்வளவு குறுகிய உயரத்துக்குள் கூடுகிறதோ, இழுப்பு அவ்வளவு பலம். சிங்கில் குழாய்நீர், தான் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டமாக விரிந்து, விளிம்பில் சட்டென்று தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுவும் வேலை மும்முரமாக நடப்பது அந்த வட்டத்துக்குள்தான்.

காற்று இழுக்கும் இதே இழுப்பை நேரடியாக அளந்தவர் சதீஷ் தவன். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்காக, காற்று ஓடும் தளத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் அசையவிட்டு, அதன் மீது விழும் விசையை அளந்தார். 1951-இல் நம் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, 1962-இல் அதன் இயக்குநரானார். பிறகு இஸ்ரோவின் தலைவர்.

இந்த இழுப்பின் கணக்கு இன்னும் சில சொல்கிறது. தூசியின் விட்டம் பாதியானால், அது ஒட்டிக்கொள்ளும் விசையும் பாதியாகும். நீரின் இழுப்போ கால் பங்காகிவிடும். நுண்தூசிக்கு ஈரத்துணிதான் சரி, வாளி வாளியாக ஊற்றிப் பயனில்லை. ஒரே இடத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தால், கேம்பிரிட்ஜ் பொறியாளர்களின் ஒரு மாதிரிப்படி, சுத்தமான வட்டத்தின் ஆரம் இருமடங்காக 32 மடங்கு நேரம் பிடிக்கும். குழாயை நகர்த்திக்கொண்டே கழுவுங்கள்.

காய்ந்த தோசைமாவை முதலில் ஊறவிடுங்கள். நீர் உள்ளே இறங்கி இளக்கிவிட்டால் சின்ன இழுப்பே போதும். படிவு இருமடங்கு தடிமன் என்றால், ஊற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் கொடுங்கள்.

தட்டுப்பாட்டுக்குப் பின், 2024 அக்டோபரில் பெங்களூருக்காகத் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் நாளுக்கு 77.5 கோடி லிட்டர் தருவதற்கானது. ஆனால் அது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர். மின்செலவும் சேர்த்தே நம் குழாயில் வருகிறது.

உங்கள் வீட்டில் குறைந்த தண்ணீரில் கழுவும் வழி என்ன? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் எல்லோருக்கும் சொல்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்