கண்ணாடிக்கு இப்பால் இருந்தவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுகிற படமுதலாளிதான் நமக்கு நினைவுக்கு வருவார். மேலைநாட்டு இசைத்தட்டு உலகில் பொருள் வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து, எந்தக் கருவி எவ்வளவு ஒலிக்க வேண்டும், எந்த வரியைத் திரும்பப் பாட வேண்டும் என்று முடிவு செய்பவரே அங்கே தயாரிப்பாளர். லிவர்பூல் நகரத்து இயன் பிரௌடி அத்தகையவர். 'எக்கோ அண்ட் த பன்னிமென்' குழுவின் 'பார்க்குப்பைன்' (1983) இசைத்தட்டைத் தயாரித்தபோது தம் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. 'கிங்பேர்ட்' என்ற புனைபெயர்தான்.

1989-இல் 'த லைட்னிங் சீட்ஸ்' என்ற பெயரில் 'ப்யூர்' என்ற பாட்டை வெளியிட்டார். குழு என்று பெயரே தவிர, ஆள் அவர் ஒருவர்தாம். பெரிய குரலன்று; பக்கத்து வீட்டுப் பையன் கூச்சத்தோடு பாடுவது போன்ற மெல்லிய குரல். ஆயினும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 16-ஆம் இடம் பெற்றது. மேடைக்கென்று ஒரு குழு சேர்ந்தது 1994-இல்தான்.

1996-இல் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காக, இரு நகைச்சுவையாளர்களோடு சேர்ந்து 'த்ரீ லயன்ஸ்' பாடினார். 1996, 1998, 2018 ஆகிய ஆண்டுகளில் அது முதலிடத்தைப் பிடித்தது. அதுவே அவர் சாதனை என்பாரோடு நான் உடன்படேன். அரங்கமே சேர்ந்து முழங்கும் பாட்டில் ஒருவர் குரல் கரைந்துவிடும். 'ப்யூர்' அப்படியன்று. பத்தாண்டுக் காலம் பிறர் பாட்டைச் செம்மை செய்தவருக்குத் தம் குரலின் குறை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே பாடினார். அதற்கல்லவா நெஞ்சுரம் வேண்டும்!

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா மைக்செட் கடையில் கூலிக்கு வேலை பார்க்கிறார். கோயில் கொடையோ கல்யாணமோ, யார் பாடினாலும் பிசிறு தட்டாமல் பார்த்துக்கொள்வார். நன்றியுரையில் அவர் பெயர் வராது. 'ஒலி, ஒளி அமைத்தோருக்கும்' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஆளில்லாத பந்தலில் மைக்கைச் சோதிக்கும்போது அப்பா பாடுவார். நல்ல குரல். நாலு பேர் வந்து உட்கார்ந்ததும் நிறுத்திவிடுவார். "நமக்கெதுக்குடா அதெல்லாம்" என்பார்.

சென்ற மாதம் 'ப்யூர்' பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "குரல் சன்னம். ஆனா சுருதி விலகல" என்றார். பாடியவரும் மைக்செட்காரர் மாதிரிதான் என்று சொன்னேன். சிரித்தார்.

வருகிற கொடைக்கு முதல் பாட்டை அவரே பாட வேண்டுமென்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.